சீன ரயில் கடன்கள்: ஒரு கடன் பிரிவுக்காரனின் வாசிப்பு

வங்கியில் திட்டக் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒப்பந்தம் வாசிப்பதுதான் பிழைப்பு. வெளியாட்கள் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்று. நாங்கள் அதைக் கடைசியில்தான் பார்ப்போம். பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, யார் கையெழுத்தில் வெளியே போகிறது, எதை அடமானம் கேட்கிறார்கள், முன்கூட்டியே அடைக்க முடியுமா என்பதில்தான் இழுபறி எல்லாம் நடக்கும். இந்தப் பழக்கதோஷத்தோடுதான் சீனாவை ஆண்ட சிங் பேரரசின் கடைசிக்கால ரயில் கடன் ஒப்பந்தங்களைப் படிக்க உட்கார்ந்தேன். பெரிய கடன்களில் ஒன்றை எடுத்தாலும் மற்றொன்றை எடுத்தாலும் வட்டி அதே 5 சதவீதம். வித்தியாசம் முழுக்க மற்ற ஷரத்துகளில் இருக்கிறது.

1903-இல் கையெழுத்தான ஷாங்காய்–நான்ஜிங் பாதைக் கடனைப் பாருங்கள். தொகை 32.5 லட்சம் பவுண்டு, 50 ஆண்டு. கொடுத்தது பிரிட்டிஷ் அண்ட் சைனீஸ் கார்ப்பரேஷன்; ஜார்டின் மாத்திசனும் ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். 100 பவுண்டு கடன் பத்திரத்துக்குச் சீனாவின் கைக்கு வருவது 90. வட்டி மட்டும் முழு 100-க்கும் ஓடும். கணக்குப் போட்டால் 5 சதவீதம் அங்கேயே ஐந்தரையைத் தாண்டிவிடுகிறது. கைக்கே வராத அந்த 10 பவுண்டையும் அசலோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். ரயில் பாதையே அடமானம். நிகர லாபத்தில் 20 சதவீதம் கார்ப்பரேஷனுக்கு. நிர்வாகம் பார்க்கும் ஐவர் குழுவில் தலைமைப் பொறியாளரையும் சேர்த்து மூவர் ஆங்கிலேயர். வெளிநாட்டிலிருந்து தளவாடம் வாங்கித் தருவதும் கார்ப்பரேஷன்தான், அதற்குத் தனியாகக் கமிஷன். இப்படி ஒரு டெர்ம் ஷீட் (கடன் நிபந்தனைகளின் சுருக்கத் தாள்) இன்று என் மேஜைக்கு வந்தால், கடன் வாங்குபவர் தரப்பில் ஆளே இல்லையா என்றுதான் கேட்பேன்.

ஆள் இருந்தார். ஷெங் சுவான்ஹுவாய், ரயில்வேக்களின் தலைமை இயக்குநர். கப்பல் கம்பெனி, தந்தித் துறை எல்லாம் நடத்திப் பார்த்தவர். வியாபாரம் தெரியாதவர் இல்லை. ஆனால் 1895-இல் ஜப்பானிடம் தோற்ற நாடு, இழப்பீடாகவே 20 கோடி தாயல் (சீனாவின் வெள்ளி அளவு) தர ஒப்புக்கொண்டிருந்தது. தூதரகங்கள் வரிசையில் நின்று ரயில் உரிமை கேட்ட நேரம் அது. அப்படி உட்காருபவரிடம் பேரம் பேச என்ன இருக்கும்? காலத்தை இழுக்கலாம். ஒருவருக்கு எதிராக இன்னொருவரை நிறுத்தலாம். பெய்ஜிங்–ஹான்கோவ் பாதைக்கு 1898-இல் பெல்ஜியத்திடம் 45 லட்சம் பவுண்டு வாங்கியதன் பின்னால் இருந்ததும் இந்தக் கணக்குதான்: சின்ன நாடு, பீரங்கிக் கப்பலோடு வராது. பெல்ஜியத்தின் முதுகுக்குப் பின்னால் பிரெஞ்சுப் பணம் இருந்தது வேறு கதை.

அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. 1907-க்குப் பிறகு கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாம். எங்கள் பிரிவில் இப்படி ஒரு ஷரத்தைச் சேர்க்க ஒரு நாள் முழுக்க வாதாடுவோம்; அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சீனர்கள் பார்த்தார்கள். 1908-இல் ஆங்கில, பிரெஞ்சு வங்கிகளிடம் 50 லட்சம் பவுண்டு வாங்கி, 1909 பிறந்ததும் பெல்ஜியக் கணக்கை முடித்துப் பாதையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

கான்டன்–ஹான்கோவ் விஷயம் இதைவிடச் சுவாரஸ்யம். அந்தப் பாதையின் உரிமையை வைத்திருந்த அமெரிக்கன் சைனா டெவலப்மென்ட் கம்பெனி அதைப்ப் பிற நாட்டவருக்கு மாற்றக் கூடாது என்று 1900-ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பிறகு கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் பெல்ஜியர்கள் கைக்குப் போயின. ஒப்பந்தம் அதே கம்பெனியின் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் கம்பெனியே கைமாறிவிட்டது. இன்றும் எங்களுக்குத் தலைவலி தரும் சங்கதி இது. ஆளுநர் ஜாங் ஜிதோங் விடவில்லை. அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கன் பங்குகளைத் திரும்ப வாங்கிச் சமாளிக்கப் பார்த்தும், 1905-இல் உரிமை ரத்தானது. சும்மா இல்லை, 67.5 லட்சம் டாலர் கொடுத்து. அதற்கும் ஹாங்காங் அரசிடம் 11 லட்சம் பவுண்டு கடன்!

1908-இன் தியான்ஜின்–பூகோவ் கடனுக்கு வரும்போது பேச்சின் தொனியே மாறிவிட்டது. பாதை அடமானம் இல்லை. மாகாணங்களின் உள்நாட்டுச் சுங்க வருவாய்தான் பிணை. கட்டுமானமும் நிர்வாகமும் சீன அரசிடம். பத்தே ஆண்டில் இவ்வளவு தூரம் வந்தது, என் பார்வையில், அந்தக் காலத்துப் பெரிய சாதனைகளில் ஒன்று.

கடைசியாக ஹூகுவாங் கடன், அதாவது ஹூபெய், ஹுனான் பகுதிப் பாதைகளுக்கானது. 1911 மே 20, நான்கு நாட்டு வங்கிகள், 60 லட்சம் பவுண்டு, 40 ஆண்டு. 100-க்கு 95 கைக்கு வந்தது. கையெழுத்திட்டவர், அப்போது அமைச்சராகிவிட்ட அதே ஷெங். தாளில் மட்டும் பார்த்தால் 1903-ஐ விட எவ்வளவோ மேல். ஆனால் கடன் வாங்குவதற்காக, மாகாணக் கம்பெனிகளிடம் இருந்த முதன்மைப் பாதைகளைச் சில நாள் முன்புதான் அரசு தேசியமயமாக்கியிருந்தது. சிச்சுவானில் அந்தக் கம்பெனிக்கு நில வருமானத்திலிருந்து வரி மாதிரி பணம் பிடித்திருந்தார்கள். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விவசாயி பங்குதாரர். அந்தப் பணத்தில் பெரும் தொகையைக் கம்பெனி ஆட்கள் ஷாங்காய் ரப்பர் பங்குகளில் போட்டு 1910-இல் தொலைத்துவிட்டார்கள். (அந்த ரப்பர் மோகத்துக்குப் பின்னால் இருந்தவை மலாயாத் தோட்டங்கள். அங்கே பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்.) தொலைந்த பணத்துக்கு அரசு பொறுப்பேற்காது, கட்டுமானத்துக்குச் செலவழித்ததற்குப் பத்திரம் தருகிறோம் என்றார் ஷெங். கடன் அதிகாரி என்ற முறையில் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். ஊகத்தில் விட்டதை எந்த வங்கி ஈடுகட்டும்?

சிச்சுவான் கொதித்தது. செப்டம்பரில் அதன் தலைநகர் செங்டுவில், இதை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு. அடக்கப் போன படையில் ஒரு பகுதி ஹூபெய்யிலிருந்து கிளம்பியது. காவல் குறைந்த ஹூபெய்யின் தலைநகர் வூச்சாங்கில் அக்டோபர் 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. அந்த மாதக் கடைசியில் ஷெங் பதவி நீக்கம், பிறகு ஜப்பானுக்கு ஓட்டம். அடுத்த பிப்ரவரியில் பேரரசே முடிந்தது.

கடன் முடியவில்லை. 1979-இல் பத்திரம் வைத்திருந்த அமெரிக்கர்கள் அலபாமா நீதிமன்றத்தில் மக்கள் சீனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 1982-இல் 4 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. 1984-இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. வெளிநாட்டு அரசுகள் மீது வழக்குப் போட வழிசெய்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1911-ஆம் ஆண்டுக் கடனுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது என்பது காரணம். இதை எங்கள் சட்டப் பிரிவு நண்பரிடம் சொன்னேன். பேரரசு, புரட்சி எல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிட்டதே என்பதுதான் அவர் கவலை. "லிமிட்டேஷன் பாயின்ட்டை யாரும் எடுக்கலையா சார்?" என்றார்.