பரீட்சை அட்டையும் சுனாமியும்

ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் புவியின் அடுக்குகள், தட்டுகள் (பூமியின் மேற்பரப்பைத் துண்டு துண்டாக மூடியிருக்கும் பெரும் பாறைப் பலகைகள்), நிலநடுக்கம், எரிமலை, சுனாமி எல்லாம் ஒரே மூட்டையாக வந்து இறங்கும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் ஒரு பள்ளியில் இதை நடத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகள் எல்லாருமே 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் பலருக்கு வீட்டு முகவரியே சுனாமி குடியிருப்புதான். மேலோடு, அதன் அடியில் கவசம், நடுவில் கருவம் என்று நான் படிப்படியாக நடத்திச் சுனாமிக்கு வரும்வரை அவர்கள் பொறுத்திருப்பதில்லை. முதல் வகுப்பிலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "திரும்ப வருமா டீச்சர்?"

அதனால் பாடத்தை இப்போது கடைசியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அளவு 9.1. அங்கிருந்து வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டின் விளிம்பு பிளந்துகொண்டே போனது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இதைச் சொன்னதும் வகுப்பில் கோபம்தான் வருகிறது. "அவ்ளோ நேரம் இருந்துச்சே, ஏன் யாருமே சொல்லல?" நியாயமான கோபம். இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்.

சரி, நிலம் ஏன் அதிர்ந்தது? இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது என்றால் சிரிப்பார்கள். இவ்வளவுதானா என்று. அங்கே கொஞ்சம் கணக்குப் போட வைப்பேன். சுமத்ராப் பக்கம் இந்தியத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் போகிறது. கீழே போகிற தட்டும் மேலே இருக்கிற தட்டும் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு நூறு வருடம் நகராமல் கிடந்தால் 5 மீட்டர் பாக்கி. இருநூறு வருடமானால் 10 மீட்டர். கீழே போகிற தட்டு மேல்தட்டின் விளிம்பையும் கூடவே இழுத்து வளைத்துக்கொண்டே போகும். ஒருநாள் பிடி விட்டுப்போகும். அத்தனை வருடப் பாக்கியும் சில நிமிடத்தில் தீரும். பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துப் பிடித்துச் சட்டென்று விட்டால் போதும், அதன் பிறகு விளக்கமே தேவைப்படாது.

இதைவிடக் கடினமான கேள்வி வேறு ஒன்று. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் அதே சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. எச்சரிக்கை விட்டார்கள். கரையோரம் இருந்தவர்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சொல்லும்படியான அலை எதுவும் வரவில்லை. "சும்மா ஓட விட்டாங்க" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளும் அதை அப்படியே கொண்டுவருகிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் பாடத்தை முடித்தால் அடுத்த எச்சரிக்கையை இவர்கள் மதிக்க மாட்டார்கள். ஒருவன் சட்டென்று, "அது சின்னது டீச்சர், அதான் வரல" என்றான். அப்படியும் இல்லை. 2006இல் ஜாவாவுக்குத் தெற்கே வந்த 7.7 அளவு நிலநடுக்கம் கிளப்பிய அலையில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சத்துணவுக்கூடத்திலிருந்து அகலமான ஒரு டப்பைக் கேட்டு வாங்கிவந்து பாதிவரை தண்ணீர் நிரப்பினோம். அடியில் ஒரு பிளாஸ்டிக் பரீட்சை அட்டை. ஒரு பெண்ணை விட்டு அட்டையின் ஒரு ஓரத்தைச் சட்டென்று மேலே தூக்கச் சொன்னேன். தண்ணீர் குவிந்து எழுந்து, எதிர்ப்பக்கம் மோதி, முன்பெஞ்சுக்காரன் நோட்டை நனைத்தது. தண்ணீர் அடங்கியதும் அதே அட்டையைத் தூக்காமல், படுத்தவாக்கிலேயே பக்கவாட்டில் விரைவாக இழுக்கச் சொன்னேன். மேலே லேசான நெளிவு, அவ்வளவுதான். "2012ல இப்படிப் போச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆமாம். அன்று கடலடி நிலம் விரிசலின் இரு பக்கமும் கிடைமட்டமாக நழுவியது. மேலே இருந்த நீரைப் பெரிதாகத் தூக்கவில்லை. அதிர்ந்த சில நிமிடத்துக்குள் தரை தூக்கியதா நழுவியதா என்று உறுதியாகச் சொல்வது சிரமம். அதனால்தான் முதலில் எச்சரித்துவிட்டு அப்புறம் விலக்கிக்கொள்கிறார்கள். தட்டுகளின் மோதும் எல்லை, விலகும் எல்லை, உரசும் எல்லை என்று மூன்று படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிற விஷயத்துக்கு அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது.

இன்னொரு மாணவி பாட்டியின் சாட்சியத்தோடு வந்தாள். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாட்டியோ, முதலில் தண்ணீர் ஏறித்தான் வந்தது, உள்வாங்கியதெல்லாம் பிறகுதான் என்கிறாராம். பாட்டி சொல்வதுதான் கருவிப் பதிவோடு பொருந்துகிறது. 2004இல் மேற்குப் பக்கக் கடலடி உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. நம் கிழக்குக் கரையிலோ நீர்மட்டம் முதலில் உயர்ந்தது. கடல் உள்வாங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இங்கே காத்திருப்பவனுக்கு நேரமே இருக்காது. இதை நோட்டில் கோடிட்டு எழுதச் சொன்னேன். தேர்வில் கேட்க மாட்டார்கள், தெரியும்.

எரிமலைக்கு வரும்போது பாதிப் பேரின் கவனமே போய்விடும் என்பது பழைய அனுபவம். வீடியோவில் நெருப்புக் குழம்பைப் பார்த்துவிட்டு, பூமிக்கு உள்ளே முழுக்க அதுதான் கொதிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கவசம் பெரும்பாலும் திடப்பாறை; மிக மெதுவாக நகர்கிற பாறை. அதனால் ஹவாயை விட்டுவிட்டு இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலையான அந்தமானின் பாரன் தீவை எடுத்தேன். 2004இல் அலையைக் கிளப்பிய அதே அமிழும் தட்டுதான் அந்தத் தீவுக்கு அடியிலும் போகிறது. போகும்போது பாறைக்குள் கடல்நீரையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே இருக்கிற சூடான பாறையில் கலந்ததும் அதன் உருகுநிலை குறைந்து, பாறை உருகத் தொடங்குகிறது. "தண்ணி பட்டா நெருப்பு அணையணும்ல டீச்சர்?" என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லியே மணி அடித்துவிட்டது. செயல்படும், உறங்கும், தணிந்த என்ற மூன்று வகைகளையும் வீட்டில் படித்துவரச் சொல்லிவிட்டேன்.