வேனில் டிரெய்லர் இழுக்கிறீர்களா? பின் ஆக்சிலைப் பாருங்கள்

கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் பிளேட்டில் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும். 3,500, 6,000, 1,850, 2,250 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, லோடும் ஆளும் சேர்த்து வேன் தாங்கக்கூடிய மொத்த எடை, கிலோவில். இரண்டாவது, வேனும் டிரெய்லரும் சேர்ந்த எடை. மற்ற இரண்டும் முன், பின் ஆக்சில்களுக்கு உரியவை. நான்கில் எது தாண்டினாலும் ஓவர்லோடுதான். இரண்டாவது எண்ணே இல்லையென்றால், அந்த வண்டி இழுப்பதற்கு அனுமதிக்கப்பட்டதா என்று மேனுவலில் பார்க்காமல் கொக்கி மாட்டாதீர்கள்.

‘வேனில் 500 கிலோ குறைத்துவிட்டேன், டிரெய்லரில் 500 கூட ஏற்றலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. டிரெய்லருக்கென்று மேனுவலில் தனி வரம்பு இருக்கும், டிரெய்லரின் பிளேட்டிலும் ஒன்று இருக்கும். இவற்றில் எது குறைவோ அதுதான் செல்லும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வரம்பு இன்னும் வெகுவாகக் குறையும்.

பலரும் மாட்டிக்கொள்வது பின் ஆக்சிலில். டிரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனை, கொக்கியின் மேல் 100 கிலோ அழுத்துகிறது என்றால், அதுவும் வேனில் ஏற்றிய லோடுதான். ஆனால் கொக்கி இருப்பது பின் ஆக்சிலைத் தாண்டி. அந்தத் தூரம் 1.2 மீட்டர், இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 3.5 மீட்டர் என்றால், நெம்புகோல் போல முன்பக்கம் 34 கிலோ தூக்கப்பட்டு, பின் ஆக்சிலில் 134 கிலோ ஏறும். ஏற்கெனவே அங்கே 2,150 இருந்தால் இப்போது 2,284. வேனின் மொத்த எடை 3,400தான், ஆனாலும் பின் ஆக்சிலில் 34 கிலோ அதிகம். வேனுக்குள் கனமான சாமானைப் பின்கதவை ஒட்டி அடுக்காமல் முன்னுக்குத் தள்ளினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதற்காக மூக்கை ஒரேயடியாக லேசாக்கவும் கூடாது, டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். டிரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் சரியாக இருக்கும், கொக்கியில் பொறித்திருக்கும் வரம்புக்குள். வேனைக் கழற்றி, டிரெய்லரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வீட்டு எடை மெஷின்மேல் ஒரு கட்டையை நிறுத்தி அதன்மேல் மூக்கை இறக்கிப் பாருங்கள். 150 கிலோ மெஷினில் 150ஐத் தாண்டினால் மெஷின் போய்விடும், கவனம்.

எடைமேடைக்குப் போகும்போது டிரெய்லரை மாட்டியபடியே முதலில் முன் ஆக்சில், பிறகு வேன் முழுதும், கடைசியாக எல்லாம் என்று மூன்று எடை ரசீது வாங்குங்கள். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் பின் ஆக்சில். டிரைவர் சீட்டில் இருக்கவேண்டும், டேங்க் நிறைந்திருக்கவேண்டும்: 80 லிட்டர் டீசல் மட்டுமே சுமார் 67 கிலோ.