ஃபான் குவானின் மலையை எப்படிப் பார்ப்பது, எப்படி வரைந்து பழகுவது

‘மலை ஓடைகளுக்கிடையே பயணிகள்’ ஓவியத்தைக் கீழிருந்து மேலே பாருங்கள். சுமார் கி.பி. 1000-இல் சீன ஓவியர் ஃபான் குவான் பட்டில் மையால் வரைந்தது. உயரம் 206 செ.மீ., அகலம் 103 செ.மீ. இப்போது தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வலது கீழ் ஓரத்தில் சுமையேற்றிய கோவேறு கழுதைகள் வருகின்றன. அவற்றின் பின்னாலுள்ள இலைகளுக்குள்தான் ஓவியரின் கையெழுத்து ஒளிந்திருந்தது, 1958-இல்தான் கண்டுபிடித்தார்கள்! கழுதைகளைப் பார்த்த பிறகே மலையின் பிரம்மாண்டம் உறைக்கும். மலையடிவாரத்தை மூடுபனி மறைப்பதால் தொலைவை அளக்க முடியாது, உயரம் இன்னும் கூடிவிடுகிறது. சீன ஓவியர் குவோ ஷி பின்னாளில் மலையைப் பார்க்கும் விதங்களாக வகுத்த மூன்று தொலைவுகளில் இது ‘உயர் தொலைவு’: அடியில் நின்று சிகரத்தை அண்ணாந்து பார்ப்பது.

பாறையின் சொரசொரப்பு ‘மழைத்துளி’ எனப்படும் குறுந்தீற்றல்களால் வந்தது. பழக நினைப்பவர்கள் படிகாரமும் பசையும் பூசிய காகிதத்தில் தொடங்குங்கள். பூசாத ஷுவான் காகிதத்தில் (சீன மரபு ஓவியக் காகிதம்) மை உடனே பரவிவிடும். மையை மூன்று அடர்த்தியில் கரைத்து, வெளிறியதை முதலில் வையுங்கள். காய்ந்த பிறகே அடுத்தது. தூரிகையில் நீர் மிஞ்சினால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பாறை சேறாகிவிடும். எல்லாத் துளிகளும் ஒரே திசையில், ஒரே இடைவெளியில் விழுந்தால் மீன் செதில் போலாகும். பிளவுகளில் நெருக்கியும் மேற்பரப்பில் விட்டும் வையுங்கள். முந்தைய நாள் மைக்கட்டியைக் கல்லில் உரசி எடுத்த மை வேண்டாம். மையிலுள்ள பசை கெட்டு, ஓவியத்தின் பின்புறம் தாங்குதாள் ஒட்டும்போது மை கரைந்து இழுபடும்.