ஏக்கரில் போன மார்க்

பதினொன்றாம் வகுப்பில் வேளாண் அறிவியல் பிரிவு எடுத்தபோது, திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன், மார்க் கம்மியா?" கேட்டவர்களில் பாதிப் பேர் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள்! எனக்கும் அப்போது வெட்கம்தான். பள்ளியில் லேட்டாக வந்தால் தோட்டத்தில் களை எடுக்க அனுப்புவார்கள். தண்டனையாகப் பிடித்த மண்வெட்டி பாடமாகத் தெரிய ரொம்ப நாள் ஆனது.

வெட்கத்தோடு மெத்தனமும் சேர்ந்துகொண்டது. நாம் பார்க்காத தோட்டமா என்று புத்தகத்தையே திறக்கவில்லை. காலாண்டில் ஒரு கணக்கு: 1.25 மீட்டருக்கு 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு எத்தனை மல்லிகைச் செடி? வீட்டில் எல்லாம் ஏக்கர், சென்ட்தான். கை தன் பாட்டுக்கு ஏக்கரை 4,000 சதுர மீட்டர் என்று வைத்து 2,560 எழுதிவிட்டது. கேட்டது ஹெக்டேருக்கு: 10,000 சதுர மீட்டர், அதை ஒரு செடிக்கான 1.5625 சதுர மீட்டரால் வகுத்தால் 6,400. அப்பாவிடம் காட்டினேன். "ஏக்கருக்கு நீ போட்டது சரியாத்தானப்பா இருக்கு" என்றார். சரிதான், மார்க்தான் வரவில்லை.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் வீட்டுப் பேச்சு, வலது பக்கம் புத்தகப் பேச்சு. அப்பா "செடியை வெட்டிவிடணும்" என்பார். எதிரே கவாத்து, நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. என்று எழுதினேன். "ஒரு மூட்டை யூரியா" என்பதற்கு எதிரே 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. உரக் கணக்கு எப்படிக் கேட்டாலும் அதற்குப் பிறகு பயமில்லை. வீட்டில் தோட்டம் இருக்கிறவர்கள் இதை ஒரு வாரம் செய்து பாருங்கள்.

செய்முறைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். முளைப்புத்திறன் சோதனைக்கு நூறு நூறாக 400 விதை வேண்டும். நெல்லுக்கு, முளைத்ததைக் கடைசியாக எண்ணுவது 14ஆம் நாள். முந்தின ராத்திரி உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுகிறவர்களுக்காக விதை முளைத்துத் தராது.

மேலே படிக்க மதுரை ஒத்தக்கடையில் 1965லிருந்து வேளாண் கல்லூரி இருக்கிறது. நான்கு வருட பி.எஸ்சி. அக்ரிக்கு, மாநில ஒதுக்கீட்டில், பிளஸ் டூ மார்க்தான் கணக்கு, நீட் வேண்டாம். எங்களைப் போலத் தொழிற்பிரிவில் படித்தவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் சேரும். அதற்கான சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் பள்ளி மாறிய நான் கடைசி வாரத்தில் இரண்டு பள்ளிக்கும் பஸ் ஏறி அலைந்தேன்.