நரி ஊளையிடும் என்று நினைத்திருந்தேன்

லண்டனுக்கு வந்த முதல் ஜனவரி. ராத்திரி இரண்டு மணிக்கு, ஹாரோவில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கிற மாதிரி அலறல். தொண்டை கிழிய ஒரு கத்தல், சில விநாடி அமைதி, மறுபடி அதே கத்தல். போலீசைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே திரையை விலக்கினால், புல்தரை நடுவில் ஒரு நரி நிற்கிறது. கழுத்தை நீட்டி இன்னொரு முறை கத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வேலிக்கு அடியில் புகுந்து போய்விட்டது.

நரி என்றால் ஊளை, நமக்குத் தெரிந்தது அதுதானே. ஆனால் நம் ஊரில் கூட்டமாக ஊளையிடுவது பொன்னிற நரி, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம். இங்கே தோட்டத்துக்கு வருவது செந்நரி, அது வேறு இனம். 1930களில் பெரிய தோட்டம் வைத்த வீடுகளாக லண்டன் புறநகர் விரிந்தபோது உள்ளே வந்து தங்கிவிட்டது.

அந்த அலறல் பெரும்பாலும் பெண் நரியுடையது. வருஷத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் மூன்று நாள் அளவுக்குத்தான் அது கருத்தரிக்கத் தயாராக இருக்கும், அப்படியிருக்க ஊரையே எழுப்பிக் கூப்பிடாமல் என்ன செய்யும்? அதே குளிர்காலத்தில் தூரத்திலிருந்து 'வவ் வவ் வவ்' என்று மூன்று நான்கு குரைப்பும் வரும், கொஞ்ச நேரம் பொறுத்தால் வேறு தெருவிலிருந்து பதில் வரும். நாய்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சத்தம் எனக்குப் பிடித்தது. போன வருஷம் பிப்ரவரியில் ஷெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நரிகள் பின்னங்காலில் நிமிர்ந்து, ஒன்றின் தோளில் இன்னொன்று முன்னங்காலை ஊன்றி, வாயை அகலத் திறந்து முகத்துக்கு முகம் 'கெக்கெக்கெக்கெக்' என்று கத்திக்கொண்டிருந்தன, தூரத்திலிருந்து பார்த்தால் டான்ஸ் ஆடுகிறார்கள் என்றுதான் சொல்வோம். கடிக்கவில்லை. ஒன்று சட்டென்று காதை மடக்கித் தரையோடு படுத்தது, கதை முடிந்தது.

குட்டிகள் மார்ச்சில் பிறந்து ஏப்ரல் கடைசியில் வளையை விட்டு வெளியே வரும். அதற்கப்புறம் தோட்டம் நம்முடையது இல்லை. ரோஜாவுக்கு எலும்புத்தூள் போட்டேன், கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து முழுப் பாத்தியையும் தோண்டிவிட்டன, பக்கத்தில் போட்டிருந்த வெந்தயக்கீரையும் சேர்ந்து போனது. இன்னொரு பழக்கம், தன் எல்லை என்று காட்ட கண்ணுக்கு எடுப்பாக இருக்கிற பொருளின் மேல்தான் கழிந்து வைக்கும். பையனின் ஃபுட்பாலைக் கேட்டால் சொல்லும். அந்த நாற்றம் ஒரு கழுவலில் போகாது.

நான் சாப்பாடு வைப்பதில்லை, விரட்டுவதும் இல்லை. நரி இடம் போனால் என்ன வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி.

அம்மா இந்த மே மாதம் வந்திருந்தார்கள். வாழப்பாடிப் பக்கம், பொங்கல் சமயத்தில் நரி முகத்தில் முழிப்பதற்காகவே ஆட்கள் வலையோடு காட்டுக்குப் போன ஊர் (வனத்துறை இப்போது விடுவதில்லை). இங்கே காலையில் காபியோடு ஜன்னலில் நின்றாலே தரிசனம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் கதவுக்கு வெளியே விட்டிருந்த அவர்கள் செருப்பில் ஒன்றைக் காணோம். குட்டிகளின் வேலை, செருப்பு, கையுறை எது கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு போய்க் கடித்து விளையாடும்.

"ஒத்தைச் செருப்பை வச்சு அது என்ன பண்ணும் பாவம், இதையும் வச்சிடு" என்றார்கள் அம்மா. வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது, அதன் மேல் ஃபுட்பாலுக்குக் கிடைத்த அதே மரியாதை.