நான் இல்லாதபோது என் பெயரில் சென்ற பதில்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். ஆடை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் இங்குள்ள சாய ஆலை, பிரிண்டிங், தையல் பிரிவுகளுக்கும் இடையே ஒவ்வொரு ஒப்புதலும் என் மின்னஞ்சல் வழியாகவே செல்லும். சில ஆண்டுகளுக்கு முன் தங்கையின் திருமணத்துக்காக ஐந்து நாள் விடுப்பு எடுத்தபோது, கிளம்பும் அவசரத்தில், வரும் மடல்களுக்குத் தானாகவே செல்லும் தானியங்கிப் பதிலை இரண்டே நிமிடத்தில் எழுதிவிட்டுப் போனேன். அவசரமானவற்றை என் சக ஊழியரிடம் தெரிவியுங்கள் என்று சொல்ல நினைத்து, 'தேங்க் யூ ஃபார் யுவர் மெயில். ப்ளீஸ் ப்ரொசீட் வித்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, அடுத்து அவருடைய பெயரையும் எண்ணையும் போட்டு, விடுப்பில் இருக்கிறேன் என்பதைக் கடைசி வரியில் வைத்திருந்தேன்.

மறுநாள் சாய ஆலையின் சூப்பர்வைசர் லேப் டிப் பற்றி எனக்கு எழுதியிருக்கிறார். பையர் கேட்கும் நிறத்தைச் சிறு துணித்துண்டுகளில் ஏ, பி, சி எனச் சற்றே வேறுபடும் ஷேடுகளாகப் போட்டு அனுப்புவார்கள். பையர் ஒன்றை ஏற்ற பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்க வேண்டும். 'பி ஷேடு ஓகேவா' என்பதுதான் அவருடைய மடலின் தலைப்பு. சில நொடிகளில் அதே தலைப்பைத் தாங்கிய பதில் அவர் கைப்பேசித் திரையில் வந்து நின்றது. திரையில் தெரிந்தது முதல் வரி மட்டுமே: நன்றி, ப்ரொசீட், அதாவது மேற்கொண்டு செய்யுங்கள். அவர் துணியை இறக்கிவிட்டார். பையர் ஏற்றுக்கொண்டது ஏ ஷேடு. நான் திரும்பி வந்து கேட்டபோது, "நீங்கதானுங்க சார் ப்ரொசீட் பண்ணச் சொல்லி மெயில் போட்டீங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் துணி பிறகு கருப்பாக்கப்பட்டு வேறோர் ஆர்டருக்குப் போயிற்று. புதிய துணிக்கான செலவும் தாமதமும் எங்கள் பக்கம் விழுந்தன.

முழுவதையும் படிக்காதது அவர் பிழை என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கேள்வி கேட்டவர் பதிலை எதிர்பார்த்திருக்கிறார். கேட்ட இடத்திலிருந்து, கேட்ட தலைப்பிலேயே ஒன்று வருகிறது. அதை அவர் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. 2008ஆம் ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸின் சுவான்சி நகரில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே சாலைப் பலகைகள் ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் இருக்க வேண்டும். கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்ற வாசகத்தை நகராட்சியினர் மொழிபெயர்ப்புக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். வெல்ஷ் மொழியில் பதில் வந்தது. அதையே பலகையில் எழுதி நட்டுவிட்டார்கள். 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்புங்கள்' என்பதே அந்த வெல்ஷ் வாசகத்தின் பொருள். பலரும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன்: மொழிபெயர்ப்பு கேட்டு எழுதுபவருக்கு அந்த மொழி தெரியாது என்பது எழுதும்போதே தெரிந்த செய்தி, அவருக்குப் புரியாத மொழியில் மட்டும் 'நான் இல்லை' என்று சொன்னால், சொல்லாததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

அதன் பிறகு என் பதிலின் முதல் வரி தமிழில் இருக்கிறது: 'நான் விடுப்பில் இருக்கிறேன், உங்கள் மடலை இன்னும் படிக்கவில்லை, இது ஒப்புதல் அல்ல.' அதற்கடுத்து அதுவே ஆங்கிலத்தில். அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளில் அலுவலகத்தாருக்கு ஒன்றும் வெளியாருக்கு ஒன்றும் என இரண்டு பெட்டிகளே உண்டு. ஜெர்மனியிலுள்ள பையரும் பக்கத்துத் தெருச் சாய ஆலையும் வெளியார் பெட்டியில்தான் வருகிறார்கள் என்பதால் இரு மொழிகளையும் ஒன்றாகவே வைக்க வேண்டியிருக்கிறது. நன்றியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுகிறேன். 05/06 என்பது நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்க பையருக்கு மே ஆறு.

மாற்றாளின் பெயரைப் போடுவதில்தான் அதிகத் தவறுகளைப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகிவிடும். அப்படியொரு வாரத்தில் எங்கள் பிரிவில் ஒருவரின் பதில் மற்றொருவரைக் கைகாட்டியது; அந்த மற்றொருவரின் பதில் முதலாமவரையே கைகாட்டியது. இருவருக்கும் எழுதிய பையர், ஷிப்மெண்ட் தேதியைப் பற்றிக் கேட்க எங்களில் யாரும் இல்லை என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டார். இருவரும் நல்ல உழைப்பாளிகள். ஆனால் ஒருவரையொருவர் கேட்காமலே பெயரைப் போட்டுவிட்டார்கள். இன்னொருவரின் பெயரை எழுதுவது அவருடைய நேரத்தை அவர் சார்பில் பிறருக்கு வாக்களிப்பது. ஆகவே கேட்டு, சம்மதம் பெற்று, எந்த ஆர்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்த பிறகே எழுத வேண்டும் என்று எங்கள் பிரிவில் முடிவு செய்தோம்.

இயந்திரத்துக்கு இயந்திரம் பதில் எழுதும் சிக்கலையும் ஒரு முறை அனுபவித்தோம். எங்கள் பொது முகவரியில், வரும் எல்லா மடலுக்கும் பதில் போகுமாறு ஒருவர் விதி அமைத்திருந்தார். சரக்கு முகவரின் மென்பொருளோ வரும் ஒவ்வொரு மடலையும் புதிய புகாராகப் பதிந்து ஒப்புகை அனுப்பியது. ஞாயிறு இரவு தொடங்கி, திங்கள் காலை யாரோ கவனித்து நிறுத்தும்வரை அவை ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டே இருந்தன. இந்த ஆபத்து மிகப் பழையது. யூனிக்ஸ் கணினிகளுக்காக எரிக் ஆல்மன் எழுதிய 'வெகேஷன்' நிரலே ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பதில் அனுப்பாதபடி அமைந்தது. 2004ஆம் ஆண்டில் வெளியான ஆர்எஃப்சி 3834 என்ற இணையப் பரிந்துரை, தானியங்கி மடலுக்குத் தானியங்கிப் பதில் செல்லக் கூடாது என்பதை விரிவாகவே விளக்குகிறது. ஜிமெயிலும் அவுட்லுக்கும் தரும் முறையான விடுப்புப் பதிலில் இந்தக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நாமே கையால் விதி அமைக்கும்போதுதான் அது கைவிட்டுப் போகிறது.

விடுப்புக்கான காரணத்தைப் பதிலில் எழுதுவதில்லை. ஒரு சகோதரி தம் தாயாரின் அறுவைச் சிகிச்சை பற்றி எழுதியிருந்தார். விளம்பர மடல் அனுப்பிய அந்நியருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததை அறிந்தபோது மிகவும் வருந்தினார். பணம் வழங்க ஒப்புதல் தருபவர் எந்தத் தேதிவரை இல்லை என்பது, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகப் போலி மடல் அனுப்புவோருக்கு மிகவும் பயன்படும் தகவல் என்பதையும் கணக்குப் பிரிவினர் நினைவில் வைக்க வேண்டும். வெளியாருக்கு நாளும் மாற்றாளும் போதும்.

திரும்பும் நாளைக் குறிக்கும்போது ஒரு நாள் தள்ளியே போடுகிறேன். 'வந்ததும் பதில் தருகிறேன்' என்ற வரியை நம்பிச் சிலர் அந்தத் தேதிவரை காத்திருக்கிறார்கள். அதனால் வந்த முதல் காலை எந்தக் கூட்டத்துக்கும் ஒப்புக்கொள்ளாமல், என் தானியங்கிப் பதிலைப் பெற்றவர்களின் மடல்களைப் பழையதிலிருந்து வரிசையாகத் திறக்கிறேன். சாய ஆலைகளுடையதை முதலில்.