பனிமனிதனுக்கு எத்தனை கிலோ கொழுப்பு வேண்டும்?

2004இல் சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்துப் பனிக்கரடிகள் ஷீபாவும் இனுக்காவும் பச்சையாகிவிட்டன. பாசி பிடித்தது தோலில் அல்ல, முடிக்குள். பனிக்கரடியின் வெளிமுடி ஒவ்வொன்றும் உள்ளே குழல். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்தார்கள்.

இமயமலைப் பனிமனிதனைப் பற்றிப் பேச்சு வந்தாலும் எல்லாரும் முதலில் முடியைத்தான் சொல்வார்கள். 2017இல் பனிமனிதனுடையவை என்று வைத்திருந்த 9 மாதிரிகளின் மரபணுவைப் பார்த்ததில் 8 கரடி, 1 நாய். சரி, அப்படி ஒன்று இருந்தால் அதற்கு முடி மட்டும் போதுமா? போதாது. வெளிமுடி காற்றையும் ஈரத்தையும் தடுக்கும், அவ்வளவுதான். சூட்டைப் பிடித்து வைப்பது அடியில் இருக்கும் பஞ்சுமுடியில் சிக்கி அசையாமல் நிற்கிற காற்று. அது நனைந்தால் தொலைந்தது. ஆகவே மனிதனைப் போல் உடம்பெங்கும் வியர்க்கிற பிராணியாக இது இருக்கவே முடியாது. மேடேறும்போது வியர்த்தால், நின்ற மறுகணம் அந்த ஈரமே சூட்டை உறிஞ்சிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தீனி. எடை 200 கிலோ என்று வைப்போம். எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், ஒரு பாலூட்டி சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியும்: ஏறக்குறைய 3,700 கலோரி. நடமாடினால் இரு மடங்கு, 7,500. ஒரு வெறும் பரோட்டாவுக்கு 200 என்று போட்டால் நாளைக்கு 37 பரோட்டா! 150 நாள் குளிர்காலத்துக்கு 11,25,000 கலோரி. ஒரு கிலோ உடல்கொழுப்பில் கிடைப்பது சுமார் 7,700. ஆக 146 கிலோ கொழுப்பு வேண்டும். 200 கிலோ உடம்பில் அதற்கு இடமே இல்லை.

கரடி இதை உறங்கிச் சமாளிக்கிறது. அமெரிக்கக் கருங்கரடி உறங்கும்போது உடல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் போவதில்லை. ஆனால் சும்மா படுத்திருக்கும் செலவே கால்வாசியாகிவிடும். நம் கணக்கில் அது நாளைக்கு 930 கலோரி. 150 நாளுக்கு 18 கிலோ கொழுப்பு போதும்.

உறங்காத பிராணி என்றால் கீழே இறங்க வேண்டும். உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் சுமார் 6.5 டிகிரி கூடும். மரமும் காற்று மறைப்பும் ஏறக்குறைய 4,000 மீட்டருக்குக் கீழேதான். சீனத்தின் பொன்னிறச் சப்பைமூக்குக் குரங்குகள் பனிக்காலத்தை மரப்பாசியும் பட்டையும் தின்று கழிப்பது இப்படிப்பட்ட காட்டில்தான். பனிமனிதனுக்கும் வீடு காடாகத்தான் இருக்க முடியும் என்பது என் முடிவு. 1951இல் பிரிட்டிஷ் மலையேறி எரிக் ஷிப்டன் எவரெஸ்ட் பக்கத்து மென்லுங் பனியாற்றில் படமெடுத்த, பனிமனிதனுடையது என்று சொல்லப்படும் காலடித் தடத்தையும் ஏதோ ஒன்று கடந்துபோன வழியாகத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் தடம் உருகி விரியும் என்பதையும் மறக்கக்கூடாது.

இனி வெறுங்கால். பனியில் நடக்கப் பனிமனிதனுக்கு ஓநாயின் பாதம் போன்ற ஒன்று வேண்டும். ஓநாயின் பாதத்தில், கீழே இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலே திரும்பும் குளிர்ந்த குழாயும் ஒட்டியே ஓடும். சூடு பாதிவழியிலேயே கைமாறிவிடும். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும், உடம்பின் சூடும் வீணாகாது. மனிதப் பாதம் ரத்த ஓட்டத்தைக் குறைக்கத்தான் பார்க்கும். மணிக்கணக்கில் அப்படி நின்றால் முதலில் விரல் நுனி வெளுக்கும், பிறகு மரத்துப்போகும், பிறகு கருத்துவிடும்.